தலையில் தோல் செதில் செதிலாக உதிர்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையிலிருந்து வெள்ளையாக எது உதிர்ந்தாலும் அதற்குப் பொடுகு என்று பெயர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது பொடுகாகத்தான் இருக்கும். ஆனால் சொரியாசிஸ், படை, ஹேர் டை ஒவ்வாமை, வெறும் வறட்சி எல்லாமே இதே மாதிரிதான் உதிரும். மருந்து மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. மூன்று ஷாம்பு மாற்றியும் கேட்கவில்லை என்பவர்களில் பலருக்கு, ஷாம்புவில் குறை இல்லை. தலையில் இருப்பது வேறு ஏதோ, அல்லது ஷாம்பு தோலில் படவே இல்லை. அதனால் இங்கே மருந்துப் பெயர்களைவிட இந்த இரண்டு விஷயங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தலைத்தோல் எல்லாருக்கும் உரியுமா?

உரியும். தோலின் அடியடுக்கில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலே வந்து, காய்ந்து உதிர்கின்றன. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். தூளாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோலில் எரிச்சல் வந்துவிட்டால் இந்த வேலை அவசர அவசரமாக நடக்கும். செல்கள் சரியாக முதிராமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே மேலே வந்து கொத்தாக விழும். அந்தக் கொத்துதான் நாம் பார்க்கும் செதில். சொரியாசிஸில் ஒரு மாத வேலை சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் அதில் செதில் அவ்வளவு தடிமனாக இருக்கிறது.

பொடுகு வருவதற்கு உண்மையான காரணம் என்ன?

மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், அந்த எண்ணெயைத் தின்று வாழும் மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, அந்தப் பூஞ்சை விட்டுவைக்கும் மிச்சத்தைத் தாங்காத தோல்.

தலைச் செதிலில் இந்தப் பூஞ்சை இருப்பதை 1874-லேயே விவரித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த மலசே. அவர் பெயர்தான் பூஞ்சைக்கும் வந்தது. இது நோய்வாய்ப்பட்டவர் தலையில் மட்டும் இருப்பதில்லை, கிட்டத்தட்ட எல்லார் தலையிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைச் சொந்தமாகத் தயாரிக்க இதற்குத் தெரியாது. நம் தோல் எண்ணெயை உடைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உடைத்ததில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஒலீயிக் அமிலம் போன்றவற்றைத் தோலிலேயே விட்டுவிடும். ஒலீயிக் அமிலத்தைத் தனியாகத் தலையில் தடவிப் பார்த்த ஆய்வில், பொடுகு வரும் இயல்புள்ளவர்களுக்குச் செதில் உதிர்ந்தது, மற்றவர்களுக்கு உதிரவில்லை. ஒரே வீட்டில், ஒரே ஷாம்பு போடும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் பொடுகு வருவது இதனால்தான்.

அப்படியானால் சுத்தமாக இல்லாததால் வருவதில்லையா?

இல்லை. இந்தப் பழி பொடுகு உள்ளவர்கள் மேல் அநியாயமாக விழுகிறது. தலைக்குக் குளிக்காமல் விட்டால் எண்ணெயும் செதிலும் சேர்ந்து அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். தினமும் குளிப்பவருக்கும் பொடுகு வரும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் வருகிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்படையும் பருவ வயதில் ஆரம்பிக்கும், இருபதுகளில் உச்சத்தில் இருக்கும். பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று அதிகம்.

எனக்கு நெற்றியோரத்திலும் காதுக்குப் பின்னாலும் உரிகிறது. இதுவும் பொடுகா?

பொடுகின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் இதை செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். அதே எண்ணெய், அதே பூஞ்சை. ஆனால் இதில் தோல் சிவந்து அழற்சியும் சேர்ந்துவிடுகிறது. முடி தொடங்கும் கோடு, காதுக்குப் பின்னால் உள்ள மடிப்பு, காதுத்துளை, புருவம், மூக்கின் இரு பக்கமும், தாடி, நெஞ்சின் நடுப்பகுதி என எண்ணெய் அதிகம் சுரக்கும் இடமாகப் பார்த்து வரும். செதில் கொஞ்சம் மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். சிலருக்கு இமையோரத்திலும் தூள் தூளாக உதிரும். கருமையான தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ, கருத்தோ போய்விடும். வெண்குஷ்டமோ என்று பயந்து ஓடி வருபவர்கள் உண்டு. அழற்சி அடங்கினால் நிறம் மெல்லத் திரும்பிவிடும்.

வழக்கத்துக்கு மாறாக, திடீரென்று மிகக் கடுமையாக வந்து எதற்கும் அடங்காமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்வது நல்லது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும், எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் இது அதிகமாக வருகிறது.

வறண்ட தலைக்கும் பொடுகுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

வறட்சியில் செதில் பொடிப்பொடியாக, வெள்ளையாக, காய்ந்து இருக்கும். தலை இறுகப் பிடித்தது போல் இருக்கும். கை, காலிலும் தோல் வறண்டிருக்கும். குளிர் காலத்தில் கூடும். பொடுகில் செதில் கொஞ்சம் பெரிது. விரலில் எடுத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பசை தெரியும். சில நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்து பார்த்தாலும் தெரிந்துவிடும்: பொடுகு கூடும், வறட்சி சற்றுக் குறையும். வறட்சிக்குப் பொடுகு ஷாம்பு போட்டால் இன்னும் மோசமாகும். மென்மையான ஷாம்பு, குறைவான முறை, வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர் போதும்.

சொரியாசிஸாக இருக்குமோ என்று எப்போது சந்தேகப்பட வேண்டும்?

கையால் தடவிப் பாருங்கள். பொடுகு பரவலாக இருக்கும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. சொரியாசிஸ் திட்டுத் திட்டாக, தடித்து, ஓரம் தெளிவாகத் தெரியும்படி இருக்கும். செதில் வெள்ளி போலப் பளபளக்கும். பிய்த்தால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். (பரிசோதனைக்காகப் பிய்க்க வேண்டாம், தோலைக் காயப்படுத்தினால் அந்த இடத்திலேயே புதிய திட்டு கிளம்பும்.) முடிக்கோட்டைத் தாண்டி நெற்றியில் ஒரு விரற்கடை அளவுக்கு இறங்கி நிற்கும்.

அப்புறம் தலையை விட்டுவிட்டு வேறு இடங்களைப் பாருங்கள். முழங்கை, முழங்கால், தொப்புள், முதுகின் கீழ்ப்பகுதி. நகங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா? காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வலிக்கின்றனவா? இதில் ஏதாவது இருந்தால் கடையில் ஷாம்பு தேடுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். மூட்டு வலி சேர்ந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது, மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். சொரியாசிஸ் யாருக்கும் ஒட்டாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இது ஈரா, செதிலா?

ஒரு முடியைப் பிடித்து, அந்த வெள்ளைப் புள்ளியை ஊதுங்கள் அல்லது நகத்தால் தட்டிவிடுங்கள். செதில் பறந்துவிடும். ஈர் அசையாது, முடியின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டே இருக்கும். நகத்தால் பிடித்து இழுத்தால்தான் வரும். முடியைச் சுற்றி வளையம் போல இருந்து, மேலும் கீழும் சுலபமாக நகர்ந்தால் அது ஈரும் இல்லை. வேர்ப்பகுதியிலிருந்து கழன்று வந்த உறை. அதற்குப் பேன் மருந்து தேவையில்லை.

ஹேர் டை போட்ட பிறகு உரிகிறது.

ஒவ்வாமையாக இருக்கலாம். கறுப்புச் சாயங்களில் உள்ள பாரா ஃபீனைலீன் டயமின் என்ற பொருள்தான் அடிக்கடி மாட்டும் குற்றவாளி. வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒருநாள் திடீரென்று ஒவ்வாமை வரும், "இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே" என்பது ஒரு வாதமே இல்லை. தலையைவிட நெற்றி, காதுமடல், பிடரி, கண்ணிமை ஆகியவற்றில்தான் அதிகம் காட்டும். தலைத்தோல் தடிமன், இமைத்தோல் மெல்லிசு. போட்ட ஓரிரு நாளில் அரிப்பு, சிவப்பு, வீக்கம், நீர் கசிவு, பிறகு உரிதல் என்று போகும். ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி அந்தச் சாயத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கடுமையாக வரலாம். 'இயற்கை', 'மூலிகை' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் கறுப்பாக்கும் பொடிகளில் இதே பொருள் கலந்திருப்பதுண்டு. பொருட்பட்டியலைப் படியுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை.

பள்ளிக்குப் போகும் குழந்தைக்குச் செதில் உதிர்கிறது. பொடுகு ஷாம்பு போடலாமா?

முதலில் ஒன்று. பருவ வயதுக்கு முன்பு தலையில் எண்ணெய் குறைவாகத்தான் சுரக்கும். அதனால் அந்த வயதில் நிஜமான பொடுகு அபூர்வம். ஏழு வயதுக் குழந்தைக்குச் செதில் என்றால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். அதில் முக்கியமானது படை, வேறொரு பூஞ்சையால் வரும் தொற்று. வட்டமாக முடி கொட்டியிருக்கிறதா, அந்த இடத்தில் முடி தோல்மட்டத்திலேயே ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறதா, பிடரியில் நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் கொழகொழவென்று சீழ் வைத்த கட்டி போலவும் வீங்கும்.

இந்தப் பூஞ்சை முடியின் உள்ளேயே புகுந்திருப்பதால் மேலே தடவும் களிம்போ ஷாம்புவோ மட்டும் போதாது. கிரிசியோஃபல்வின், டெர்பினாஃபின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் வரை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஷாம்பு மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்க உதவும். இது ஒட்டும், சீப்பு, தொப்பி, தலையணை தனியாக இருக்கட்டும். வீட்டில் மற்றக் குழந்தைகளின் தலையையும் பாருங்கள். பூனை, நாய் இருந்தால் அதற்கு எங்காவது ரோமம் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சளாகப் பொருக்கு படிந்திருக்கிறதே?

பிறந்த சில வாரங்களில் வரும், பார்க்கத்தான் பயமாக இருக்கும். குழந்தைக்கு அதனால் தொந்தரவு எதுவும் இல்லை. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே போய்விடும். பொருக்கு ஊற, கொஞ்சம் மினரல் ஆயிலோ வாசலினோ தடவிச் சிறிது நேரம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் நீவி, குழந்தை ஷாம்பு போட்டு அலசுங்கள். நகத்தால் பெயர்க்க வேண்டாம். சாலிசிலிக் அமிலம் கலந்த எதையும் கைக்குழந்தைக்குப் போடக்கூடாது, தோல் வழியாக உடம்புக்குள் போகும். சிவந்து, நீர் கசிந்து, உடம்பெல்லாம் பரவினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, பொடுகுதான் என்று தெரிந்துவிட்டது. எந்த ஷாம்பு வாங்குவது?

பெயரையும் விளம்பரத்தையும் விடுங்கள், பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். பூஞ்சையைக் குறைப்பவை: கெட்டோகோனசோல் (1% அல்லது 2%), செலினியம் சல்ஃபைடு (1% அல்லது 2.5%), சிங்க் பைரிதியோன், சைக்ளோபிராக்ஸ். செதிலை ஊறவைத்துக் கழற்றுவது சாலிசிலிக் அமிலம். செல் வேகத்தைக் குறைப்பது தார் (நிலக்கரியிலிருந்து எடுப்பது). சிங்க் பைரிதியோனை 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் தடைசெய்துவிட்டது. வேறு பல நாடுகளில் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், சிவப்பும் அரிப்பும் இருந்தால் நேரே கெட்டோகோனசோலில் ஆரம்பிக்கலாம். லேசான பொடுகுக்குச் சிங்க்கே போதும். செலினியமும் தாரும் வெளிர் முடியிலும் சாயம் போட்ட முடியிலும் நிறத்தை மாற்றிவிடும். தார் போட்ட தலை வெயில் பட்டால் சீக்கிரம் எரியும். தலையில் புண் இருந்தால் செலினியம் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் எதையும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

எத்தனை பாட்டில் காலியாகிவிட்டது, பலனே இல்லையே?

எப்படிப் போடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் அப்பி, முடியை நுரைக்க நுரைக்கக் கசக்கி, அரை நிமிடத்தில் அலசிவிட்டால் மருந்து போனது சாக்கடைக்கு. பொடுகு முடியில் இல்லை, தோலில் இருக்கிறது.

முதலில் சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெயையும் அழுக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு மருந்து ஷாம்புவை எடுத்து, விரலால் வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் தோலின் மேலேயே தடவுங்கள். பிடரி, காதுக்கு மேல், காதுக்குப் பின் மடிப்பு, நெற்றிக் கோடு இவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். விரல்நுனியின் சதைப்பகுதியால் தேயுங்கள், நகம் வேண்டாம். அப்படியே 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டுக்கொள்ளலாம். வழியும் நுரையைப் புருவத்திலும் மூக்கோரத்திலும் பூசிக்கொண்டால் அங்கே உள்ள செதிலுக்கும் ஆயிற்று. கண்ணில் மட்டும் பட விடாதீர்கள். பிறகு நன்றாக அலசுங்கள். கண்டிஷனர் போடுவதானால் முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும்.

கெட்டோகோனசோல் என்றால் வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். சுருண்ட, எளிதில் ஒடியும் முடியாக இருந்தால் வாரம் ஒருமுறை போதும். அடிக்கடி அலசினால் பொடுகு போகும், முடியும் சேர்ந்து ஒடியும். ஒரு மாதம் இப்படி ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் வேறு மருந்துள்ள ஷாம்புவுக்கு மாறலாம். அதுவும் கேட்கவில்லை என்றால், இது பொடுகுதானா என்று மருத்துவரிடம் உறுதி செய்ய வேண்டிய நேரம்.

நின்ற பிறகு திரும்பத் திரும்ப வருகிறதே, நிரந்தரமாகப் போக்க வழி உண்டா?

இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் எதையும் நம்பாதீர்கள். பூஞ்சை நம் தோலில் குடியிருப்பது, எண்ணெய் சுரப்பதும் நிற்கப்போவதில்லை. குறைந்தவுடன் ஷாம்புவைத் தூக்கி வைத்துவிடுவதுதான் திரும்ப வர முக்கியக் காரணம். ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டு ஒருமுறை என்று தொடர்ந்தால் பெரும்பாலோருக்கு அடங்கியே இருக்கும். தூக்கமில்லாத நாட்கள், மன அழுத்தம், குளிர் காலம், ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊறுவது இதெல்லாம் கிளப்பிவிடும். அப்போது மறுபடி வாரம் இருமுறை.

தலைக்கு எண்ணெய் தேய்த்தால் பொடுகு போகுமா?

எண்ணெய் தேய்த்ததும் செதில் ஊறித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உதிராததால் போய்விட்டது போல் தெரியும். நிஜத்தில் மலசேசியாவுக்கு நாமே பந்தி வைக்கிறோம். அதன் உணவு கொழுப்பு அமிலம், தாவர எண்ணெய்களில் இருப்பதும் அதுதான். ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு, தோலை எரிச்சலூட்டும் அதே ஒலீயிக் அமிலம்.

அதற்காக எண்ணெயே கூடாது என்றில்லை. கெட்டியாகப் பொருக்குத் தட்டியிருந்தால், ஷாம்பு போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவி ஊறவைத்து அலசிவிடலாம். செதில் கழன்று மருந்து உள்ளே போக வழி கிடைக்கும். மினரல் ஆயில் என்றால் இன்னும் நல்லது, பூஞ்சையால் அதைத் தின்ன முடியாது. இரவெல்லாம், நாளெல்லாம் ஊறவிடுவதுதான் வினை. வறண்ட முடிக்கு எண்ணெய் வேண்டுமென்றால் தோலில் படாமல் நுனிக்குத் தடவுங்கள்.

எலுமிச்சை, பேக்கிங் சோடா, டீ ட்ரீ எண்ணெய்?

எலுமிச்சைச் சாறு ஏற்கெனவே எரியும் தோலை இன்னும் எரிய வைக்கும். தடவிக்கொண்டு வெயிலில் போனால் நெற்றியில் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரலாம். பேக்கிங் சோடா காரத்தன்மை உள்ளது, தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மையைக் கெடுக்கும். இரண்டும் வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் 5% கலந்த ஷாம்பு ஓரளவு பலன் தந்ததாக ஆய்வு இருக்கிறது. ஆனால் கலக்காத எண்ணெயை நேராகத் தடவினால் அதுவே ஒவ்வாமையைக் கொண்டுவரும்.

பொடுகால் முடி கொட்டுமா?

வழுக்கை விழாது. விடாமல் சொறிவதாலும் அழற்சியாலும் கொஞ்சம் கூடுதலாக உதிரும். பொடுகு அடங்கினால் முடி திரும்ப வளரும். ஆனால் செதிலோடு சேர்ந்து, தோல் வழவழவென்று மினுங்கி, முடித்துளையே தெரியாமல் போன திட்டுகள் இருந்தால் அது வேறு கதை. லைக்கன் பிளானஸ், லூபஸ் போன்ற அழற்சி நோய்கள் முடியின் வேரையே தழும்பாக்கிவிடும். போன முடி வராது, மீதியைத்தான் காப்பாற்ற முடியும். வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

மருந்துக்கடையில் ஸ்டீராய்டு லோஷன் கொடுத்தார்கள். போட்டதும் நின்றுவிட்டது!

நிற்கும். சிவப்பையும் அரிப்பையும் அவ்வளவு வேகமாக அடக்கும், மருத்துவர்களும் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிரச்சினை, நாமாக மாதக்கணக்கில் தொடர்வது. நெற்றியிலும் இமையிலும் வழிந்தால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், பரு வரும்; விட்டவுடன் முன்னைவிட மோசமாகத் திரும்பும். படையில் போட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதேபோல், கெட்டோகோனசோல் ஷாம்பு பாதுகாப்பானது என்பதால் அதன் மாத்திரையையும் விழுங்கலாம் என்று நினைக்க வேண்டாம். மாத்திரை கல்லீரலைக் கெடுக்கக்கூடியது என்று 2013-லேயே அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்துவிட்டன.

வீட்டில் ஒருவருக்குப் பொடுகு. சீப்பைத் தனியாக வைக்க வேண்டுமா?

பொடுகுக்காக வேண்டியதில்லை, அது ஒட்டாது. பேனுக்கும் படைக்கும் வேண்டும்.

மருத்துவரிடம் எப்போது போவது, என்ன சொல்வது?

ஒரு மாதம் முறையாக ஷாம்பு போட்டும் குறையாதது, வலி, சீழ், நெறி, திட்டாக முடி கொட்டுவது, காய்ச்சல், குழந்தைகளுக்கு வரும் செதில். இவையெல்லாம் காட்ட வேண்டியவை. வழுக்கைத் தலையில் ஒரே இடத்தில் உப்புத்தாள் போல் சொரசொரப்பாக ஒரு செதில், உதிர்ந்து உதிர்ந்து அங்கேயே வந்தால் அதையும் காட்டுங்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டதன் விளைவாக இருக்கலாம், சில காலப்போக்கில் புற்றாக மாறும்.

போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், சுத்தமாக அலசிவிட்டும் போகாதீர்கள். மருத்துவர் பார்க்க வேண்டியதே அந்தச் செதிலைத்தான். படை என்று சந்தேகம் வந்தால் அதைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இதுவரை போட்ட ஷாம்பு, டை, லோஷன் எல்லாவற்றின் அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகத்தையும் முழங்கையையும் காட்ட மறக்க வேண்டாம், அவர் கேட்காவிட்டாலும்.